நாற்பதடிப் பாய்மரப் படகில் குடியிருப்பு: ஒரு மதிப்பீடு

தொழிற்சாலையில் ஒரே அச்சில் அடுத்தடுத்து வார்த்தெடுக்கப்படும் நாற்பதடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, அதையே வீடாகக் கொண்டு சில ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். இத்தகைய படகு பெருங்கடலைத் தாண்டுமா என்றுதான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். தாண்டும், ஆண்டுதோறும் தாண்டிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியால் இந்தப் படகின் தகுதியை அளக்க முடியாது. படகில் குடியிருப்பவர் பாய் விரித்து ஓடும் நேரத்தைவிட, நங்கூரமிட்டோ படகுத்துறையில் கட்டியோ கழிக்கும் நேரமே பல மடங்கு அதிகம். ஆகவே, நின்ற இடத்தில் எவ்வளவு நன்றாக வாழ வைக்கிறது, பழுதாகக்கூடிய ஒவ்வொன்றையும் கை எட்டும் இடத்தில் வைத்திருக்கிறதா என்ற இரண்டையும் வைத்தே இதை மதிப்பிடுகிறேன். முதலாவதில் இது தேர்ந்துவிடுகிறது. இரண்டாவதில் பொறுமையை மிகவும் சோதிக்கிறது.

என் படகைக் கட்டிய நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த வகைக்கே உரியவை. 1884-இல் மீன்பிடிப் படகுகளைக் கட்டத் தொடங்கிய பிரான்சின் பெனட்டோ, 1995-இல் அதன் குடைக்குள் வந்த ஜன்னோ, கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள கீபெல்ஸ்டாட் என்ற ஊரில் 1978-இல் தொடங்கப்பட்ட ஜெர்மனியின் பவேரியா, கிரைஃப்ஸ்வால்டு நகரின் ஹான்சே ஆகியவற்றின் நாற்பதடிப் படகுகளை அருகருகே நிறுத்திப் பார்த்தால், நிறத்திலும் சன்னல்களின் வடிவத்திலும் தெரியும் வேறுபாடு அமைப்பில் அவ்வளவாகத் தெரியாது. இவற்றை மொத்தமாக வாங்குவோரில் முக்கியமானவை விடுமுறைக்குப் படகை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் என்பதே அதற்குக் காரணம். ஒரு வாரம் தங்க வரும் எட்டுப் பேருக்கு நான்கு அறைகளும் இரண்டு கழிப்பறைகளும் வெயில் காயப் பரந்த இடமும் தேவை. கருவிகளை வைக்க இடமோ மழைக்காலத்தில் துணி உலர்த்த வழியோ அவர்களுக்குத் தேவையில்லை. குடியிருக்க வாங்குபவர், உரிமையாளர் அமைப்பு என்ற பெயரில் விற்கப்படும் மூன்று அல்லது இரண்டு அறைகள் கொண்ட வடிவத்தையே கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது கழிப்பறைக்குப் பதிலாகப் பொருள் வைக்கும் அறை கிடைக்குமானால், தயங்காமல் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இனி, நிறைகளைச் சொல்கிறேன். பழைய படகுகள் பின்புறம் நோக்கிச் செல்லச் செல்ல ஒடுங்கும். இக்காலப் படகுகளோ நடுவில் உள்ள அகலத்தை ஏறத்தாழ அப்படியே கடைசிவரை கொண்டு செல்கின்றன. அதனால் பின் அறைகளில் இருவர் தாராளமாகப் படுக்கலாம். அவற்றுக்கு மேலே, படகை ஓட்டுபவர் நிற்கும் திறந்த தளமான காக்பிட்டில் இரண்டு சுக்கான் சக்கரங்களுக்கு இடையே வழி விட்டு, நடுவில் மேசை போட்டு, ஆறு பேர் அமர்ந்து சாப்பிடலாம். பின்சுவரே கீழ்நோக்கித் திறந்து குளிக்கும் மேடையாக மாறுகிறது. சிறுபடகிலிருந்து தண்ணீர்க் குடங்களையும் எரிவாயு உருளையையும் ஏற்றும்போது இந்த மேடையின் அருமை தெரியும். பழைய வகைப் படகின் செங்குத்து ஏணியில் அதே வேலையைச் செய்து பார்த்தவர்கள் வேறொன்றையும் ஒப்பிடத் தேவையில்லை. நடுக்கூடத்தில் ஆறடி உயரமானவர் தலை குனியாமல் நிற்கலாம். உடற்சுவரில் பதித்த நீள்சன்னல்கள் வழியே, அமர்ந்திருக்கும்போதே கடல் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. மனச்சோர்வு தரும் இருண்ட குகைக்குள் வாழ்கிறோம் என்ற உணர்வு ஒரு நாளும் எழுந்ததில்லை.

ஆனால் அந்த நீள்சன்னல்கள் பெரும்பாலும் திறக்காதவை. காற்று கூரையில் உள்ள திறப்புகள் வழியாகத்தான் வர வேண்டும். மழை பெய்தால் அவற்றையும் மூட வேண்டும். ஒவ்வொரு திறப்புக்கும் மேலே ஒரு துணிக்கூடாரம் தைத்து வாங்கிக்கொள்வது, தொழிற்சாலை விற்கும் எந்தக் கூடுதல் வசதியையும்விடப் பயன் தரும். சமையலின் ஈரமும் மூச்சின் ஈரமும் குளிர்ந்த சுவர்களில் நீர்த்துளிகளாகப் படிந்து மெத்தையின் அடியில் இறங்குகின்றன. பலகைமீது நேராக மெத்தையைப் போட்டிருப்பவர்கள் சில மாதங்களில் பூஞ்சையைக் காண்பார்கள். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்றோடும்படி வலைவிரிப்போ மரச்சட்டமோ போடுவது கட்டாயம்.

கடலில் ஓடத் தொடங்கியதும் இதே விசாலம் எதிரியாகிவிடுகிறது. படகு சாயும்போது கூடத்தின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம்வரை பற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லாத இடைவெளி இருக்கிறது. அங்கே விழுபவர் முழு அகலத்துக்கும் விழுவார். ஒரு பக்கச் சுவரை ஒட்டி நேர்கோட்டில் அமைந்த சமையல் மேடை படத்தில் அழகாக இருக்கும்; அலையில் சமைப்பவர் முதுகைச் சாய்த்துக்கொள்ள அங்கே இடமில்லை. எல் அல்லது யு வடிவ மேடையே ஓடும் படகுக்கு ஏற்றது. ஓடும்போது உருளாமல் தூங்கத்தக்க படுக்கை என்று கூடத்தின் நேரான இருக்கையைத்தான் சொல்ல முடியும். அதற்கும் விழாமல் தாங்கும் துணித்தடுப்பை நாமே தைத்துக் கட்ட வேண்டும்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய குறை இல்லை. படகு நீரைத் தொடும் மட்டமான நீர்க்கோட்டில் அதன் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், இவ்வகை உடல் எளிதில் தாண்டாத வேக எல்லை மணிக்குக் கடல் மைலில் கிடைக்கும். அணியம், அதாவது படகின் முன்முனை, செங்குத்தாக இறங்குவதால் இக்காலப் படகின் ஏறத்தாழ முழு நீளமும் நீரில் இருக்கிறது. 36 அடி நீர்க்கோடு என்று கொண்டால் எல்லை 8 கடல் மைல். சராசரி 6 என்று திட்டமிட்டால் ஒரு நாளில் 140 கடல் மைல் கடக்கலாம். எடையும் குறைவு. 1970-களில் புகழ்பெற்ற வெஸ்ட்செயில் 32 வெறும் 32 அடியில் 9 டன் எடை கொண்டது. இன்றைய நாற்பதடிப் படகுகளில் பல 8 டன்னைச் சுற்றியே இருக்கின்றன. அதனால் மெல்லிய காற்றிலும் ஓடுகின்றன. காற்றை எதிர்த்து அலையில் ஏறும்போது மட்டும், தட்டையான அடிப்பகுதி நீரில் அறைந்து விழும் ஓசை பற்களில் எதிரொலிக்கும். வேகத்தைக் குறைப்பது அல்லது திசையைச் சற்று விலக்கிக்கொள்வது தவிர இதற்கு வேறு மருந்தில்லை. இன்னொன்று, இலகுவான படகு சுமையை மறப்பதில்லை. குடியிருப்பவர் ஏற்றும் சங்கிலி, தண்ணீர், கருவிகள், உதிரிகள், சிறுபடகு, மோட்டார் எல்லாம் சேர்ந்து ஒரு டன்னை எட்டுவது எளிது. கண்காட்சியில் சொன்ன வேகம் அத்துடன் போய்விடுகிறது.

நிற்கும்போதும் அகன்ற பின்புறம் தன்னை நினைவூட்டும். பின்னாலிருந்து சிற்றலை வந்தால், இரவு முழுவதும் பின் அறையின் தலைமாட்டில் சப்தம் கேட்கும்; அணியத்து அறையில் படுப்பதே உத்தமம். நீருக்கடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுக்கான்கள் உள்ள படகுகளைத் துறையில் கட்டும்போது வேறொரு சிக்கல் உண்டு. நடுவில் உள்ள சுழல்விசிறி தள்ளும் நீர் சுக்கான்களின்மேல் படுவதில்லை என்பதால், படகு நகரத் தொடங்கும்வரை திரும்பாது. அணியத்தைப் பக்கவாட்டில் தள்ளும், நீருக்கடியில் இயங்கும் மின்சாரச் சுழல்விசிறியை ஆடம்பரம் என்று கருதிய நான், துறையில் காற்று வீசிய ஒரு பிற்பகலுக்குப் பிறகு அப்படிக் கருதுவதில்லை.

விற்பனையாளர்கள் முதலில் காட்டும் சான்றிதழ் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ வகைப்பாடு. காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 8-க்கு மேற்பட்ட காற்றையும் 4 மீட்டருக்கு மேற்பட்ட அலை உயரத்தையும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். அசாதாரணமான புயல்களை அது உள்ளடக்குவதில்லை. வசதி, பராமரிப்பின் எளிமை, ஆயுள் ஆகியவற்றைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை.

ஆயுளைத் தீர்மானிப்பவை கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கின்றன. இவ்வகைப் படகுகள் பலவற்றில், தனியாக வார்த்த கண்ணாடியிழைச் சட்டகம் ஒன்றை உடலின் உட்புறத்தில் பசையால் ஒட்டி, அதன் வழியாகவே, படகு கவிழாமல் அடியில் தொங்கும் கனமான வார்ப்பிரும்புத் துடுப்பான கீலின் சுமையைப் பரப்புகிறார்கள். உற்பத்தி விரைவாகிறது, விலையும் குறைகிறது. ஆனால் படகு பாறையில் தட்டினால், வெளியே சிறு கீறலோடு தப்பியது போலத் தோன்றினாலும் உள்ளே ஒட்டு விலகியிருக்கலாம். 2014 மே மாதத்தில் வடக்கு அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற நாற்பதடிப் படகு கீலை இழந்து கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். அதை ஆராய்ந்த பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, சட்டகத்துக்கும் உடலுக்கும் இடையிலான ஒட்டு விலகுவதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கக்கூடும் என்று சுட்டிக்காட்டியது. பழைய படகு வாங்குவோர் தரைதட்டிய வரலாற்றை எழுத்தில் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகள் அடங்கிய ஐபீரியக் கடற்கரையோரம் 2020 முதல் சுக்கான்களை உடைத்துவரும் ஓர்கா திமிங்கிலங்களைப் பற்றி எந்தச் சான்றிதழும் சொல்லவில்லை என்பதையும் போகிற போக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

என் படகில் எனக்குக் கோபம் வரவழைத்தவை, உடலைத் துளைத்துக் கடல்நீரை உள்ளே விடும் வால்வுகள். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் இவை சாதாரணப் பித்தளையால் ஆனவை. கடல்நீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் மெல்ல வெளியேறி, எஞ்சும் செம்பு நொறுங்கும் தன்மை கொண்டதாகிறது. இவற்றுக்கான ஐஎஸ்ஓ 9093 என்ற சர்வதேசத் தரநிலை, ஐந்து ஆண்டுகள் குறையின்றிப் பணியாற்றினால் அதையே அரிப்பைத் தாங்கும் பொருள் என்று ஏற்றுக்கொண்டது. எனவே தயாரிப்பாளர் விதியை மீறவில்லை. ஆனால் அவற்றில் இரண்டை மாற்றுவதற்கு ஓர் அலமாரியையே அறுக்க வேண்டியிருந்தது என்பதை எந்த விதியும் மன்னிக்க வைக்காது. வெண்கலம், துத்தநாகம் வெளியேறாத வகைப் பித்தளை அல்லது வலுவூட்டிய பிளாஸ்டிக் வால்வுகளைப் படகு கட்டப்படும்போதே கேட்டுப் பெறுங்கள். எஞ்சினிலும் இதே கதைதான். அடிப்பகுதி வழியாக நேராக இறங்கும் செயில்டிரைவ் அமைப்பில், கடலுக்கும் படகுக்கும் நடுவே இருப்பது ஒரு ரப்பர் வளையம். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுமாறு எஞ்சின் தயாரிப்பாளரான வோல்வோ பென்டா பரிந்துரைக்கிறது. மாற்ற எஞ்சினை நகர்த்தியாக வேண்டும்.

மின்சாரத்தில் தொழிற்சாலை தரும் ஏற்பாடு, மாலையில் துறைக்குத் திரும்பிக் கரை மின்சாரத்தில் செருகிக்கொள்பவருக்கானது. குளிர்பெட்டி மட்டும் ஒரு நாளில் 12 வோல்ட்டில் 40 முதல் 60 ஆம்பியர்-மணி எடுக்கும். 50 வாட் இழுக்கும் இணைய ஆன்டெனா நாள் முழுதும் இயங்கினால் இன்னொரு 100. விளக்கு, தண்ணீர் பம்பு, மடிக்கணினி சேர்ந்தால் 200-ஐத் தொடும். ஈய-அமில மின்கலத்தின் கொள்ளளவில் பாதியைத்தான் அதன் ஆயுளைக் கெடுக்காமல் பயன்படுத்தலாம் என்பதால், ஒரே ஒரு நாளுக்கே 400 ஆம்பியர்-மணி தேவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பயன்படும், எடையும் குறைவு. ஆனால் அது விடாமல் மின்னோட்டத்தை இழுத்து எஞ்சினின் மின்னாக்கியைச் சூடேற்றி எரித்துவிடும் என்பதால், நடுவே கட்டுப்படுத்தும் கருவி வேண்டும். நல்ல வெயிலில் 100 வாட் சூரியத் தகடு ஒரு நாளில் சுமார் 30 ஆம்பியர்-மணி தரும். 600 வாட்டுக்கு மேல் பொருத்தத் தேவையான வளைவுச் சட்டத்தை அகன்ற பின்புறம் எளிதாகத் தாங்குகிறது. வடிவமைப்பாளர் எண்ணிப் பாராமல் செய்த உதவி இது.

கழிப்பறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து குழாயின் உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து அடைக்கும். நன்னீரால் கழுவும்படி மாற்றினால் அது வெகுவாகக் குறையும். ஆனால் தண்ணீர்த் தொட்டி விரைவில் வற்றும்.

நங்கூரத்தில் ஒருபோதும் சிக்கனம் கூடாது. படகோடு வருவது பெரும்பாலும் மதிய உணவுக்கு நிற்கப் போதுமான அளவு. ரோக்னா, ஸ்பேட் போன்ற புதிய தலைமுறை நங்கூரத்தை, தயாரிப்பாளரின் அளவுப்பட்டியல் சொல்வதைவிட ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும். 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் என்பதால், 60 மீட்டர் அணியத்தில் ஏறினால் ஏறத்தாழ 135 கிலோ. உயர்ந்த பக்கச்சுவரும் இலகுவான அணியமும் காற்றில் படகை இருபக்கமும் அலைய வைப்பதால், இந்த எடையை நான் குறைக்கமாட்டேன்.

செலவைப் பொறுத்தவரை, வாங்கிய விலையில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று படகுக்காரர்கள் சொல்லும் கணக்கு, எல்லா ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பெரிதும் பொருந்துகிறது. பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களைப் பத்தாண்டு அளவில் மாற்றச் சொல்லிக் காப்பீட்டாளர்கள் கேட்கும் ஆண்டில் அது வெகுவாக எகிறும்.

இருவர் அல்லது ஒரு சிறு குடும்பம், பருவத்துக்கு ஏற்ப நங்கூரத்துறை மாறிக்கொண்டே வாழ விரும்பினால், இந்த வகையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இதே பணத்தில் இவ்வளவு இடமும் வெளிச்சமும் வேறெங்கும் கிடைக்காது. துருவங்களை நெருங்கும் உயர் அகலாங்குகளிலோ, காற்றை எதிர்த்து நெடுந்தூரமோ செல்வதே நோக்கமென்றால் கனமான பழைய படகைத் தேடுங்கள். புதிதாக வாங்குவதைவிட, ஏழெட்டு ஆண்டுகள் ஓடி, முந்தைய உரிமையாளர் தகடும் மின்கலமும் பொருத்தி முடித்த படகு எனக்கு மேலானதாகத் தெரிகிறது. அதைப் பார்க்கப் போகும்போது மெத்தையின் நிறத்தை விட்டுவிட்டுத் தரைப்பலகைகள் அனைத்தையும் தூக்கிப் பாருங்கள். எல்லா வால்வுகளையும் கையால் ஒருமுறை திறந்து மூடுங்கள். எந்த வால்வைக் கை எட்டவில்லையோ, அதை மாற்றும் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.