கண்ணாடி ஜாடியா, ஒளி புகாத வாளியா? தண்ணீரில் செடி வளர்ப்பவர்களுக்கு

தண்ணீரில் செடி வளர்க்கத் தொடங்கும் பலரும் முதலில் எடுப்பது கண்ணாடி ஜாடிதான். வேர் இறங்குவது தெரியும், தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும் தெரியும், பார்க்கவும் அழகு. வெறும் தண்ணீரில் மணி பிளாண்ட் வைப்பவருக்கு அதுவே போதும், வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் சரி. உரக்கரைசல் ஊற்றி லெட்யூஸோ துளசியோ வளர்ப்பதென்றால் என் ஓட்டு ஒளி புகாத பாத்திரத்துக்குத்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

சத்துள்ள தண்ணீரில் வெளிச்சம் பட்டால் பாசி வந்தே தீரும். முதலில் ஜாடியின் உட்புறம் வழுவழுக்கும், அப்புறம் வேரின்மேல் பச்சைப் படலம் ஏறும். செடிக்கு ஊற்றிய சத்தை அது பங்கு போடுவதுகூடப் பெரிய விஷயமில்லை. பகலில் தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏறுகிறது, இரவில் வேருக்கு வேண்டிய ஆக்சிஜனைக் குடிக்கிறது, செத்து அழுகும்போது மிச்சமிருப்பதும் காலி. 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டிய பிஎச் 7-ஐத் தாண்டினால் இரும்புச்சத்து வேருக்குச் சரியாகக் கிடைக்காது, இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்ற இடமெல்லாம் வெளிறும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் உரம் ஊற்றினால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கரைசலிலுள்ள இரும்புக் கீலேட்டை (இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் உர வடிவம்) நீல ஒளியும் புற ஊதாவும்தான் அதிகம் சிதைக்கும், பழுப்பு நிறம் அதைப் பெருமளவு தடுத்துவிடும். ஆனால் சிவப்பு ஒளி உள்ளே போகிறதே, பாசிக்கு அது போதும். தாமதமாக வரும், அவ்வளவுதான்.

சரி, கறுப்பு வாளி? வெளிச்சத்தை நன்றாகவே மறைக்கும், ஆனால் வெயிலில் வைத்தால் தண்ணீர் சூடேறிவிடும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் வேருக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் என்பதால் இழப்பு இரட்டிப்பு, வேரழுகலும் பின்னாலேயே வரும். ஆகவே உள்ளே கறுப்பு, வெளியே வெள்ளை, இதுதான் என் முதல் தேர்வு. கறுப்புப் பெயின்ட் அடித்து அதன்மேல் வெள்ளை அடித்தால் முடிந்தது. கண்ணாடி ஜாடியை விட மனமில்லாதவர்கள் கழற்றி மாட்டும்படி தடித்த துணியுறை தைத்துக்கொள்ளலாம், வேரைப் பார்க்கத் தோன்றும்போது கழற்றிக்கொள்ளலாம்.

இலைக்கான வெளிச்சம் தனிக் கணக்கு. எல்இடி விளக்கில் லெட்யூஸுக்கு 14 முதல் 16 மணி நேரம் கொடுக்கலாம், ஸ்பினாச் கீரைக்கு அவ்வளவு கொடுத்தால் சீக்கிரமே பூத்தண்டு விட்டுவிடும், 10 முதல் 12 மணி நேரத்தோடு டைமரை நிறுத்துங்கள்.

எந்தப் பாத்திரமானாலும் மூடியைக் கவனியுங்கள், செடியைத் தாங்கும் வலைத்தொட்டியைச் சுற்றியுள்ள சந்து வழியாகத்தான் பெரும்பாலும் வெளிச்சம் நுழைகிறது. இருட்டறையில் காலி வாளிக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடிப் பாருங்கள், எங்கே ஒளி கசிகிறதோ அங்கே டேப் ஒட்ட வேண்டும்.