டியூப்லெஸ் பஞ்சர்: திரியா, பேட்ச்சா, மஷ்ரூமா, சீலன்ட்டா?

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறிவிட்டால் சரிசெய்ய ஐந்து வழி இருக்கிறது. வெளியிலிருந்து ரப்பர் திரியைச் செருகலாம், டயரைக் கழற்றி உள்பக்கம் பேட்ச் ஒட்டலாம், தண்டும் பேட்ச்சும் ஒன்றாகச் சேர்ந்த மஷ்ரூம் போடலாம், ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவமான சீலன்ட் ஊற்றலாம், இல்லையென்றால் உள்ளே ஒரு டியூபையே திணித்துவிடலாம். காற்று நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஐந்துமே பெரும்பாலும் வேலை செய்யும், அதனால்தான் எது சீக்கிரம் முடிகிறதோ அதையே கேட்டு வாங்குகிறோம். ஆனால் காற்றை நிறுத்துவது பாதி வேலைதான். டயருக்குள் என்ன ஆகியிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது மீதிப் பாதி, நான் இந்த ஐந்தையும் எடைபோடுவது அதை வைத்துத்தான்.

கார் ரேடியல் டயரில் தரையைத் தொடும் ட்ரெட்டுக்குக் கீழே இரும்புக் கம்பி பெல்ட்கள் இருக்கும், அதற்கும் உள்ளே நூலிழை அடுக்கு, கடைசியாக பியூட்டைல் வகை ரப்பரால் ஆன மெல்லிய லைனர். டியூப் செய்த வேலையை இந்த லைனர்தான் செய்கிறது. ஆணி ஏறும்போது இரண்டு சேதம் நடக்கிறது. லைனரில் விழும் ஓட்டை வழியாகக் காற்று போகும், அது நமக்கு உடனே தெரியும். ட்ரெட்டில் விழும் ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போய் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், அது பல மாதம் கழித்து பெல்ட் பிரிந்து ட்ரெட் வீங்கும்போதுதான் தெரியும். நல்ல ரிப்பேர் என்றால் இந்த இரண்டு ஓட்டையையும் அடைக்க வேண்டும்.

திரி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆணியைப் பிடுங்கி, அரம் போன்ற கருவியை ஓட்டைக்குள் விட்டுத் தேய்த்து, பசை தடவிய திரியை ஊசியில் கோத்து உள்ளே குத்தி, ஊசியை வெடுக்கென்று இழுத்து, வெளியே நீட்டியதை வெட்டினால் முடிந்தது. சக்கரத்தைக் கழற்றக்கூட வேண்டாம். ராத்திரி நேரத்தில் ஆள் நடமாட்டமில்லாத சாலையில் நிற்கும்போது இதற்கு இணை வேறு எதுவும் இல்லை, திரி கிட்டும் ஒரு சின்ன காற்றடிக்கும் பம்பும் எல்லா வண்டியிலும் இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். திரி போட்டபடியே டயர் தேயும் வரை ஓடிய வண்டிகள் ஏராளம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த அரம் ஓட்டையைப் பெரிதாக்கும், முரட்டுத்தனமாகத் தேய்த்தால் பெல்ட் கம்பியையும் அறுக்கும். திரி ஓட்டைக்குள் இறுகி நிற்கிறதே தவிர, உள்ளே லைனர் மேல் பரவி ஒட்டி மூடுவதில்லை.

இதைவிட எனக்குப் பெரிய கவலை, திரி போடும்போது யாரும் டயருக்குள் பார்ப்பதில்லை என்பது. காற்று இறங்கிய டயரில் கொஞ்ச தூரம் ஓட்டினாலே பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்பக்க ரப்பர் உதிர ஆரம்பித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், ரிம்மிலிருந்து கழற்றினால்தான் கருப்புத் தூள் கொட்டும், சுவரைச் சுற்றி வளையமாகத் தேய்ந்த தடம் தெரியும். அந்த டயருக்கு எந்த ரிப்பேரும் கிடையாது, தூக்கித்தான் போட வேண்டும். திரி போட்டால் அதே டயரில் காற்று கச்சிதமாக நிற்கும், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் 100 கிமீ வேகத்தில் போவோம். சுவர் எப்போது கிழியும் என்று யாருக்கும் தெரியாது.

உள்பேட்ச் இதற்கு நேர்மாறு. டயரைக் கழற்றுவதால் உள்ளே பார்த்தாகிவிடுகிறது, லைனரும் நன்றாக மூடப்படுகிறது. ஆனால் ஆணி போட்ட பாதை ட்ரெட்டிலிருந்து பெல்ட் வரை திறந்தே கிடக்கும், தண்ணீர் இறங்கும். அமெரிக்க டயர் உற்பத்தியாளர் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: திரி மட்டும் போதாது, பேட்ச் மட்டும் போதாது, பாதையையும் நிரப்ப வேண்டும், லைனரையும் மூட வேண்டும்.

இரண்டையும் ஒரே துண்டில் செய்வதுதான் மஷ்ரூம், என் ஓட்டும் இதற்குத்தான். டயரைக் கழற்றி உள்ளே சோதித்துவிட்டு, ஆணி போன கோணத்திலேயே டிரில் பிட் விட்டு ஓட்டையைச் சுத்தமாக்குவார்கள். பிறகு லைனரை லேசாகத் தேய்த்து, தூசியை எடுத்து, ரப்பரை ரப்பரோடு இணைக்கும் வல்கனைசிங் பசை தடவி, தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, தலைப்பகுதியை உருளைக் கருவியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்துவார்கள். இதில் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால்தான், பசை ஈரம் காய்ந்து விரலில் லேசாகப் பிசுபிசுக்கும் நிலைக்கு வருவதற்குள் பேட்ச்சை வைத்துவிடுவார்கள், அப்புறம் ஓரம் பிரியும். பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தால் இந்த ஒரு இடத்தை மட்டும் கவனித்தாலே போதும். ஆணி ரொம்பச் சாய்வாக, அதாவது 25 டிகிரிக்கு மேல் சாய்ந்து இறங்கியிருந்தால் ஒரே துண்டு மஷ்ரூம் சரியாக உட்காராது, தண்டு தனியாக, பேட்ச் தனியாகப் போட வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும், டயரைத் திரும்ப மாட்டியதும் பேலன்சிங் பார்க்க வேண்டியிருக்கும், காசும் கூடத்தான் ஆகும். இருந்தாலும் மேலே சொன்ன மூன்றையும், அதாவது உள்ளே பார்ப்பது, பாதையை நிரப்புவது, லைனரை மூடுவது என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வது இது ஒன்றுதான்.

சீலன்ட்டில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்டெப்னி இல்லாத கார்களில் கம்பெனியே தரும் பாட்டில் பஞ்சரான பிறகு ஊற்றுவதற்கு, அதுவும் பக்கத்திலுள்ள கடை வரை மெதுவாகப் போய்ச் சேர்வதற்கு மட்டும். பெரும்பாலும் 80 கிமீ வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், காலாவதித் தேதியும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பஞ்சர் ஆகும் முன்பே ஊற்றி வைப்பது. சிறு முள் குத்தினால் தானாக அடைக்கும் என்பது உண்மைதான், மெதுவாக ஓடும் வண்டிக்கு, முள்காட்டுப் பாதையில் போகிறவருக்கு இது உதவும். காருக்கு எனக்குப் பிடிக்கவில்லை. வண்டி நிற்கும்போது திரவம் அடியில் தேங்கி, கிளம்பியதும் சக்கரம் அதிரும், காற்றழுத்த சென்சாரின் துளையை அடைக்கலாம். பின்னால் பெரிய ஆணி ஏறி மஷ்ரூம் போடப் போனால் உள்ளே முழுக்கக் கழுவித் துடைக்காமல் பேட்ச் ஒட்டாது.

டியூப் போடுவதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் டியூப் உரசுவதற்காகச் செய்யப்பட்டதல்ல, உரசிச் சூடாகும், குத்தினால் காற்று மொத்தமாக ஒரே நேரத்தில் போகும். ஆணி ஏறினாலும் காற்று மெல்ல இறங்கும் என்பதுதான் டியூப்லெஸ்ஸின் பெரிய நன்மை, அதையே இழந்துவிடுகிறோம்.

எந்த முறையாக இருந்தாலும் ஓட்டை ட்ரெட்டின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும், கார் டயரில் விட்டம் 6 மிமீக்குள் இருக்க வேண்டும். ட்ரெட் பக்கச்சுவரோடு சேரும் தோள்பகுதியும் பக்கச்சுவரும் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்பவை, அங்கே ஒட்டியது நிற்காது, அங்கே திரி போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ட்ரெட்டின் பட்டன் 1.6 மிமீ உயரத்துக்குத் தேய்ந்துவிட்ட டயரில் காசைப் போடுவதும் வீண். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயரைப் பல கம்பெனிகள் ரிப்பேர் செய்யவே வேண்டாம் என்கின்றன. சத்தத்தைக் குறைக்க உள்ளே ஃபோம் ஒட்டிய டயர் என்றால் அந்த இடத்தில் ஃபோமை வெட்டி எடுத்துத்தான் வேலை செய்ய முடியும், கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பைக்குக்கும் இதே கணக்குதான், கொஞ்சம் கூடுதல் கண்டிப்போடு. காரில் ஒரு டயர் போனால் மூன்று மிச்சம் இருக்கும், பைக்கில் முன் டயர் போனால் ஹேண்டில் நம் கையில் இருக்காது. அதனால் பைக்கின் முன் டயரில் போட்ட திரியோடு வேகமாக ஓட்ட வேண்டாம். முடிந்தவரை உள்ளிருந்து ரிப்பேர் செய்யுங்கள், ஓட்டை பெரிதாக இருந்தால் டயரையே மாற்றிவிடுங்கள்.

வழியில் திரி போட வேண்டி வந்தால் தயங்காமல் போடுங்கள். வேகத்தைக் குறைத்து ஓட்டி, அந்த வாரத்துக்குள் டயரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லி, சுவர் நன்றாக இருந்தால் திரியை எடுத்துவிட்டு மஷ்ரூம் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஓட்டை இருந்த இடத்திலும் வால்விலும் ரிம் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள், மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள்.