சான் ஹுவான் ஆற்றில் மிட்ஜ் கிளம்பும்போது எந்த ஈயைக் கட்டுவது?

நியூ மெக்சிகோவில் நவஹோ அணையின் அடியாழத்திலிருந்து திறந்துவிடும் தண்ணீர் கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும். அதனால் அணைக்குக் கீழே சான் ஹுவான் ஆற்றில் டிரவுட் மீனுக்கு வருடம் முழுக்க முக்கியத் தீனி மிட்ஜ். கொசு ஜாடை, ஆனால் கடிக்காது. இதைப் போலவே தோன்ற இறகும் நாரும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சிதான் ‘ஈ’. அதைப் பெரும்பாலும் 22, 24 எண் தூண்டில் முள்ளில்தான் கட்டுவார்கள். எண் கூடக்கூட முள் சிறுக்கும். 22 ஓர் அரிசி மணி நீளம்கூட வராது.

பூச்சி தண்ணீருக்குள்ளிருந்து மேலே கிளம்பிவிட்டால் போட்டி இரண்டு ஈக்களுக்குள்தான். ஒன்று கிரிஃபித்ஸ் நேட்: மயிலிறகு நாரில் உடம்பு, மேலே சுற்றிய சேவல் இறகு; நன்றாக மிதக்கும். மற்றது, கொலராடோவில் ரிம் சங் 1970களில் உருவாக்கிய ஆர்.எஸ்.2, நீர்ப்பரப்பை ஒட்டிப் பாதி மூழ்கிப் போகும்.

நேட் கண்ணுக்குத் தெரியும், அதுதான் அதன் பலம். மிட்ஜ்கள் கொத்தாகச் சேர்ந்து மிதக்கும்போது 18 எண்ணிலேயே எடுபடும். தனித்தனியாக வந்தால் கதை வேறு: மீன் மேலே வந்து, முகர்ந்து பார்ப்பதுபோல் நின்று, திரும்பிப் போய்விடும்.

எதைக் கட்டுவது என்று மீனே காட்டிக்கொடுக்கும். வாய் வெளியே தெரிந்து, பின்னால் ஒரு குமிழி நின்றால் மேலே மிதப்பதைத் தின்கிறது. முதுகும் வாலும் மட்டும் புரண்டால், பரப்பைக் கிழித்து வெளியேற முடியாமல் தவிக்கும் கூட்டுப்புழுவைத் தின்கிறது. ஓடத் தெரியாத இரை, மீனுக்கு அலைச்சல் மிச்சம். இந்த இரண்டாவது வகைதான் அதிகம் என்பதால் என் ஓட்டு ஆர்.எஸ்.2-க்கு.

ஆனால் அதைத் தண்ணீரில் பார்க்கவே முடியாது! அதற்குத்தான் நேட்டின் முள் வளைவில் ஓர் அடி தூண்டில் நரம்பைக் கட்டி, நுனியில் ஆர்.எஸ்.2-ஐப் போடுவது. நேட் சட்டென்று நின்றாலோ முங்கினாலோ தூண்டிலை மெல்லத் தூக்கினால் போதும். வெடுக்கென்று இழுத்தால் 6எக்ஸ் நரம்பு, 0.13 மில்லிமீட்டர் கனம்தானே, அறுந்துவிடும். காற்றடித்தால் இரண்டு ஈயும் சிக்கிக்கொள்ளும். அப்போது ஒன்றைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

ஈயக்குண்டும் தக்கையும் போட்டு அடியில் புழு வடிவ ஈயை ஓட்டினால் மீன் அதிகம் மாட்டும், சரி. ஆனால் கண்ணெதிரே மீன் எழும்பும்போது தக்கையையே பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஒரே ஒரு ஈதான் வாங்குவேன் என்பவர்கள் சாம்பல் நிற ஆர்.எஸ்.2, 22 எண்ணில் வாங்கலாம். அணையை ஒட்டிய பகுதியில் பிடித்த மீனைத் திரும்ப விட்டாக வேண்டும், முள் நுனியை ஒட்டிப் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்ப்பல்லும் இருக்கக் கூடாது; அதை இடுக்கியால் நசுக்கிவிட்டு இறங்குங்கள்.