பச்சைப் பிள்ளைக்கு முதல் கார் ஆசனம்: வன்னி வீதிகளுக்கு எது பொருந்தும்?

வன்னியில் பிள்ளை பிறந்து வீடு வந்து சேரும் பயணம் பலருக்குச் சிறியதாக இருப்பதில்லை. விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் இருப்பவர்கள் கிளிநொச்சி வைத்தியசாலைக்கோ முல்லைத்தீவுக்கோ போய் வருகிறார்கள். பிள்ளைக்கு ஏதும் சிக்கல் என்றால் வவுனியா, யாழ்ப்பாணம் என்று தூரம் கூடிவிடும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஏ9 வீதி இப்போது நன்றாக இருப்பதால் வாகனங்கள் வேகமாக ஓடுகின்றன. இரவில் அந்த வீதியிலேயே மாடுகள் படுத்திருக்கின்றன. பிள்ளைச் சவர்க்காரமும் வெள்ளைத் துணிகளும் ஏழாம் எட்டாம் மாதத்திலேயே பையில் ஏறிவிடுகின்றன. பிள்ளையைக் காரில் எதில் வைத்துக் கொண்டுவருவது என்ற பேச்சு மட்டும் வைத்தியசாலை வாசலில் வான் வந்து நிற்கும்போதுதான் எழுகிறது.

கடையிலோ உறவினர் வழியாகவோ நமக்குக் கிடைப்பவை மூன்று. கைப்பிடியோடு கூடிய, பிள்ளையோடு சேர்த்துத் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய ஆசனம் ஒன்று. பிறந்ததிலிருந்து மூன்று நான்கு வயதுவரை, முதலில் பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் பூட்டிப் பயன்படுத்தும் பெரிய ஆசனம் இன்னொன்று. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் தங்கள் பிள்ளை பாவித்து முடித்து அனுப்பிவைக்கும் ஆசனம் மூன்றாவது. ஆனால் இங்கே இம்மூன்றுக்கும் உண்மையான போட்டி தாயின் மடிதான். ஆகவே அதை முதலில் பார்த்துவிடுவோம்.

“பெற்றவள் கையை விடப் பாதுகாப்பான இடம் உண்டா? பிள்ளையைக் கட்டிப் போடுவதா?” என்று அம்மம்மாமார் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கு வேறு விடை சொல்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், 3 கிலோ எடையுள்ள பிள்ளை அந்தக் கணத்தில் 40 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாகிவிடும். ஒரு சீமெந்து மூட்டைக்குச் சற்றுக் குறைவான பாரம் அது. எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. பிள்ளையையும் தன்னையும் சேர்த்து ஒரே பட்டியைப் போட்டுக்கொள்வது அதைவிட ஆபத்து. தாயின் உடல் முழுவதும் முன்னே வந்து பிள்ளையைப் பட்டியோடு நசுக்கும். சரியாகப் பூட்டிய குழந்தை ஆசனம் கைக்குழந்தைகளின் விபத்து மரணங்களைக் குறைந்தது 60 சதவீதம் குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கையில் 2011 முதல் முன்னிருக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு ஆசனப் பட்டி கட்டாயம். நமக்குக் கட்டாயம் என்று ஏற்றுக்கொண்டதைப் பிள்ளைக்கு மறுப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

இனிப் பொதுவான ஒன்று. எந்த ஆசனத்தை எடுத்தாலும் பிறந்த பிள்ளை காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடிதான் இருக்கவேண்டும். பிறந்த பிள்ளையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய கால்பங்கு. கழுத்தோ அந்தத் தலையை நிமிர்த்தவே பலமில்லாதது. பின்னோக்கிய ஆசனத்தில், மோதலின் விசை பிள்ளையின் முதுகு, கழுத்து, தலை முழுவதிலும் பரவி ஆசனத்தின் கடினமான பிளாஸ்ரிக் ஓட்டில் இறங்கிவிடுகிறது. முன்னோக்கி இருந்தால் அவ்வளவும் கழுத்தில் விழும். “முகம் தெரியவில்லையே” என்ற குறைக்காகப் பிள்ளையைத் திருப்பி வைக்காதீர்கள். தாய் பின்னிருக்கையில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தால் முகம் தெரியும்.

கைப்பிடி ஆசனமா, பெரிய ஆசனமா?

கைப்பிடி ஆசனம் நான்கு கிலோ அளவில் இருக்கும். ஐரோப்பிய ஆர்44 தரத்தில் வருபவை 13 கிலோ வரை. புதிய ஆர்129 தரத்தில் வருபவை எடையோடு பிள்ளையின் உயரத்தையும் கணக்கில் எடுக்கின்றன, பக்கவாட்டு மோதலுக்கும் சோதிக்கப்படுகின்றன. பச்சைப் பிள்ளையின் உடலுக்கு இந்தச் சிறிய கூடுதான் நன்றாகப் பொருந்தும். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் இங்கே அரிதல்ல. அத்தகைய பிள்ளையைப் பெரிய ஆசனத்தில் வைத்தால் தோள்பட்டி காதுக்கு மேலே நிற்கும். பின்னோக்கிய ஆசனத்தில் பட்டி பிள்ளையின் தோள் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழிருந்து புறப்படவேண்டும். மேலிருந்து வந்தால் மோதலில் பிள்ளை ஆசனத்தின் ஓட்டோடு மேலே வழுக்கும். ஆகவே வாங்கும்போது மிகக் கீழுள்ள பட்டித் துளை எங்கே இருக்கிறது, குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று பாருங்கள். துணியின் நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

அதன் குறை ஆயுள். பிள்ளை வளர்த்தியாக இருந்தால் ஒரு வயதை ஒட்டி அது சிறுத்துவிடும். அதன் பிறகு இன்னொன்று வாங்கவேண்டும்.

பெரிய ஆசனம் அந்த இரண்டாம் செலவை மிச்சப்படுத்தும். ஆனால் அது எட்டு, பத்துக் கிலோ எடை. ஒருமுறை பூட்டினால் அங்கேயே இருக்கவேண்டும் என்று செய்யப்பட்டது. சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு அது நன்மை, ஏனென்றால் ஒருமுறை சரியாகப் பூட்டிவிட்டால் தினமும் பிழைவிட வாய்ப்பில்லை. வாடகைக் காரில் போகிறவருக்கு அதுவே சுமை. இடமும் கேட்கும். சிறிய அல்டோவின் பின்னிருக்கையில் அதைப் பின்னோக்கிப் பூட்டினால் முன்னிருக்கையை நன்றாக முன்னே தள்ளவேண்டிவரும். ஆசனத்தைச் சாரதிக்குப் பின்னால் வைக்காமல் இடப்பக்கம் வைத்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். வீதியோரப் பக்கமாக நின்று பிள்ளையை ஏற்றி இறக்கவும் முடியும்.

சரிவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பிறந்த பிள்ளைக்கு ஆசனம் ஏறத்தாழ 45 பாகை சரிந்திருக்கவேண்டும். நிமிர்ந்து நின்றால் தலை முன்னே விழுந்து தாடை நெஞ்சில் படும், மூச்சுக்குழாய் அடைபடும். கைப்பிடி ஆசனங்களில் இந்தச் சரிவு பெரும்பாலும் அமைப்பிலேயே வந்துவிடும். பெரிய ஆசனங்கள் சிலவற்றில், பின்னே தாழ்ந்த கார் இருக்கையில் பூட்டும்போது, போதிய சரிவு கிடைப்பதில்லை. கடையில் தரையில் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. உங்கள் காரில் வைத்துப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஆசனம்

மச்சாள் கனடாவிலிருந்து அனுப்பிய ஆசனத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. பல வேளைகளில் அது நம் கடைகளில் கிடைப்பதைவிட நல்ல பொருளாகவும் இருக்கும். ஆனால் பெட்டியில் ஏற்றும் முன்னரே நான்கு விடயங்களைக் கேட்டுவிடுங்கள். விபத்தில் சிக்கியதா? உற்பத்தித் திகதி என்ன, காலாவதித் திகதி என்ன? கையேடு இருக்கிறதா? பட்டியையோ துணியையோ மாற்றினார்களா? விபத்தில் சிக்கிய ஆசனத்தில் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே வெடித்திருக்கலாம். அதைப் பாவிக்கவே கூடாது. ஓட்டில் பொறித்திருக்கும் ஆண்டுக்குக் காரணம் உண்டு: பிளாஸ்ரிக் வெயிலிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்து பலம் இழக்கிறது. ஐரோப்பிய ஆசனமென்றால் செம்மஞ்சள் நிற ஒட்டியைத் தேடுங்கள். வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் அருகே அனுமதி இலக்கமும் இருக்கும். ஆர்44 ஒட்டியில் அந்த இலக்கம் 01 அல்லது 02 என்று தொடங்கினால் அது மிகப் பழைய தரம். ஐரோப்பாவிலேயே 2008 முதல் பாவிக்கத் தடை.

கனடா, அமெரிக்கா ஆசனங்களில் இன்னொரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. அங்கத்தைய கார்களில் ஆசனப் பட்டியை முழுவதும் இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும், பிறகு இளகாது. அங்கே விற்கும் பல ஆசனங்கள் அந்தப் பூட்டை நம்பியவை. இங்கே ஓடும் ஜப்பானிய, இந்தியக் கார்களின் பட்டி பெரும்பாலும் திடீரென இழுபடும்போது மட்டுமே பிடிக்கும், மற்ற வேளைகளில் இளகியே இருக்கும். அந்தக் காரில் கனடா ஆசனத்தைப் பூட்டினால், முதலில் இறுக்கமாகத் தெரிந்தாலும் வளைவுகளில் ஆடத் தொடங்கும். ஆசனத்திலேயே பட்டியைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் பட்டியின் இரு இழைகளையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கொளுவி தேவை. சில ஆசனங்களோடு அது பின்புறத்தில் செருகப்பட்டே வரும், பலர் என்னவென்று தெரியாமல் கழற்றி எறிந்துவிடுகிறார்கள்.

லண்டன், சுவிஸ் ஆசனங்களில் சிக்கல் வேறு. புதிதாக வரும் சில, ஐசோஃபிக்ஸ் அடித்தளத்தில், அதாவது பட்டியில்லாமல் காரின் இரும்பு வளையங்களில் நேரடியாக மாட்டும் அடித்தளத்தில், மட்டுமே பூட்டக்கூடியவை. பின்னிருக்கையின் மடிப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்பட்டால் உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ் உண்டு. பிந்திய ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் இருக்கும். ஆனால் 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால், வன்னியில் இன்னும் பழைய கார்களும் டொல்பின் வான்களும்தான் அதிகம் ஓடுகின்றன. அவற்றில் இந்த வளையங்கள் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

இணையத்தில் மலிவாக விற்கும் நான்கு பட்டி தைத்த துணிமெத்தைகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்க நான் விரும்பவில்லை. கடினமான ஓடும் இல்லை, தர ஒட்டியும் இல்லை. பச்சைப் பிள்ளைக்கு அது ஆசனமே அல்ல.

என் தெரிவு

வாடகை வாகனத்திலோ உறவினரின் காரிலோ போகிறவர்களுக்கு, அதாவது வன்னியில் பெரும்பாலான குடும்பங்களுக்கு, காரின் பட்டியாலேயே பூட்டக்கூடிய கைப்பிடி ஆசனம்தான் சரி. அடித்தளம் வேண்டாம். சொந்தக் கார் இருந்து, பிள்ளையும் மூன்று கிலோவுக்குக் குறையாமல் பிறந்திருந்தால், பிறப்பிலிருந்து பாவிக்கலாம் என்று ஒட்டியில் தெளிவாக எழுதியுள்ள பெரிய ஆசனத்தை வாங்கிச் செலவை மிச்சப்படுத்தலாம். கையில் காசு மட்டாக இருப்பவர்களுக்கு, வரலாறு தெரிந்த உறவினரின் ஆசனம் கடையில் கிடக்கும் பெயர் தெரியாத புதியதைவிட மேல். யார் பாவித்தது என்றே தெரியாத பழையது வேண்டவே வேண்டாம்.

ஆனால் எதை எடுத்தாலும் காரின் பட்டியை முதலில் பாருங்கள். ஐரோப்பியக் கைப்பிடி ஆசனத்தில் இடுப்புப் பட்டி பிள்ளையின் கால்களுக்கு மேலால் நீல வழிகாட்டிகளுக்குள் போகும். தோள்பட்டி ஆசனத்தின் முதுகைச் சுற்றி வரும். இதற்கு நீளமான மூன்று முனைப் பட்டி வேண்டும். சில சிறிய கார்களில் பட்டி ஒரு சாண் போதாமல் நின்றுவிடும். பின்னிருக்கையின் நடுவிலும் பழைய வான்களிலும் இடுப்புப் பட்டி மட்டுமே இருப்பதுண்டு. அங்கே இந்த ஆசனத்தைப் பூட்ட முடியாது. வாடகைக் கார்களில் வேறொரு தடையும் உண்டு: றெக்சின் உறை தைத்துப் போடும்போது பின்னிருக்கைப் பட்டியைப் பூட்டும் கொளுவிகளை அடியில் தள்ளி மூடிவிடுகிறார்கள். உறையைக் கிளப்பி, கையை முழங்கை வரை விட்டுத் தேடினால் தூசி படிந்த கொளுவி அகப்படும். இதை வைத்தியசாலை வாசலில் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு தேடவேண்டாம். முதல் நாளே தொலைபேசியில் கேளுங்கள்: “தம்பி, பின் இருக்கையில் தோள்பட்டி இழுபடுகிறதா? கொளுவி வெளியே இருக்கிறதா?” ஆம் என்று சொல்பவரின் வாகனத்தைப் பிடியுங்கள்.

காற்றுப் பை உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கவேண்டாம். பை விரியும் விசை நேராக ஆசனத்தின் முதுகில், பிள்ளையின் தலைக்குப் பின்னால் அடிக்கும்.

பூட்டிய பிறகு, பட்டி போகும் இடத்தில் ஆசனத்தைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடக்கூடாது. பிள்ளையின் தோளில் உள்ள பட்டியை இரு விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு அகப்படக்கூடாது. பிள்ளையைத் துணியால் இறுக்கச் சுற்றி அப்படியே ஆசனத்தில் வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. கால்களுக்கு நடுவே வரவேண்டிய பட்டி அதனால் பூட்டப்படாமல் போகிறது. மெல்லிய சட்டையோடு வைத்துப் பட்டியைப் பூட்டி, தேவையென்றால் மேலால் ஒரு துணியை இடுப்பு வரை போர்த்துங்கள். ஆனால் வெயிலுக்கென்று ஆசனத்தின் வாயைத் துணியால் மூடிவிடாதீர்கள், உள்ளே காற்று நின்றுவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் பட்டியின் இரும்பு நாக்கு பிள்ளையின் தொடையில் பட்டால் கொப்புளிக்கும். வண்டியை நிழலில் விடுங்கள். பூட்டுமுன் உங்கள் புறங்கையை அதில் வைத்துப் பாருங்கள்.

பச்சைப் பிள்ளை இந்த ஆசனத்தில் நெடுநேரம் சுருண்டு கிடக்கக்கூடாது. முதல் வாரங்களில் தொடர்ச்சியாக 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பது பிரித்தானியாவில் தாய்மாருக்குச் சொல்லப்படும் அறிவுரை. வளர்ந்த பிறகும் இரண்டு மணி நேரம்தான் எல்லை. வவுனியாவிலிருந்து வருபவர்கள் புளியங்குளத்தில் ஒருமுறை, மாங்குளத்தில் ஒருமுறை, முறிகண்டியில் ஒருமுறை நிறுத்தலாம். முறிகண்டிப் பிள்ளையாரிடம் எப்படியும் எல்லா வாகனமும் நிற்கிறது. மற்றவர்கள் கும்பிட்டுக் கச்சான் வாங்கும் நேரத்தில் பிள்ளையை ஆசனத்திலிருந்து எடுத்து, பால் கொடுத்து, மடியில் நேராகக் கிடத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் உறங்குகிறதே என்று ஆசனத்திலேயே விட்டுவிடாமல், சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

ஓட்டோவைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் இருக்கிறார்கள். ஓட்டோவில் பட்டியே இல்லை, ஆகவே எந்த ஆசனத்தையும் அதில் பூட்ட முடியாது. கொண்டுபோய் இருக்கையில் சும்மா வைத்தால் ஆசனமும் பிள்ளையும் சேர்ந்து உருளும். ஊருக்குள் குறுந்தூரம் என்றால் தாய் நடுவில் அமர்ந்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, சாரதி மெதுவாகவே ஓட்டவேண்டும் என்று ஏறும் முன் சொல்லிவிடுங்கள். ஏ9 வீதியிலோ பரந்தன் முல்லைத்தீவு வீதியிலோ நெடுந்தூரம் என்றால், ஆசனத்துக்கென்று ஒதுக்கிய காசில் ஒரு பகுதியைப் பட்டி வேலை செய்யும் காருக்குக் கொடுத்து, ஆசனத்தைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்குங்கள்.