அளவெடுத்துக் கொடுத்த கடை

எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து 11 மாதம். 118 கிலோவிலிருந்து 79. முகம், இடுப்பு இளைக்கும் என்று தெரியும். மார்பு இப்படி வற்றும் என்று யாரும் சொல்லவில்லை. மார்பில் கொழுப்புதானே நிறைய? அது கரைந்துவிட்டது, தோல் மட்டும் தங்கிவிட்டது. மேல்பக்கம் காலி, கீழே தொங்கல். பழைய 44 பிராவின் கப்புக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துத்தான் ஆபீஸ் போனேன்.

கோவை கிராஸ்கட் ரோடு பக்கம் ஒரு சின்ன உள்ளாடைக் கடை. முன்பு போன பெரிய கடையில் சுடிதாருக்கு மேலேயே குத்துமதிப்பாகப் பார்த்து "40 எடுத்துக்கோங்க" என்றார்கள். இங்கே இருந்த அக்கா ட்ரையல் ரூமுக்குள் கூட்டிப்போய், மார்புக்குக் கீழே டேப்பை இறுக்கி ஒரு அளவு, எடுப்பான இடத்தில் ஒரு அளவு எடுத்தார். 36 சி. தொங்கும் தோலை ஓரத்திலிருந்து கப்புக்குள் எடுத்து வைக்கவும் சொல்லிக்கொடுத்தார். மடிப்பில் வேர்வைத் தடிப்பைப் பார்த்தவர், ஓரம் உயர்ந்த காட்டன் பிராவையே எடுத்துக் கொடுத்தார்.

நான் ஆறு கேட்டேன். "இன்னும் இளைப்பே கண்ணு, ரெண்டு போதும். கடைசிக் கொக்கியில போடு, இளைக்க இளைக்க உள்ள மாத்திக்கோ" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ட்ரையல் ரூமில் ஃபேன் இல்லை, புழுக்கம். ஞாயிறு கூட்டம் தாங்காது. வார நாளில் காலையில் போங்கள்.

மார்பைத் தூக்கி நிறுத்தும் ஆபரேஷனை, எடை நிலையான பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை எனக்கு இந்தக் கடைதான்.