கைப்பெட்டிக்குள் அடங்கும் தூண்டில்: ஐந்து துண்டுக் கம்புக்கே எங்கள் ஓட்டு

வெளியூர்ப் பயணத்துக்குத் தூண்டில் வேண்டுமென்று கேட்டால், கடைக்காரர் கை முதலில் டெலஸ்கோப் கம்பைத்தான் தேடும். இழுத்தால் 7 அடி, தள்ளினால் முழங்கை நீளம். பார்க்க ஜோர்தான். ஆனால் அதைத் தொடுமுன் அளவு நாடாவை எடுங்கள்.

7 அடி என்றால் 213 சென்டிமீட்டர். நான்கு துண்டாக்கினால் ஒன்று 53; ஒன்றுக்குள் ஒன்று செருகும் பகுதியும் சேர்ந்தால் 56 வந்துவிடும், கெட்டி உறை போட்டால் 60ஐத் தொடும். ஸ்கூட் விமானத்தில் கைப்பெட்டிக்கு 54 x 38 x 23 சென்டிமீட்டர்தான், அதுவும் வெளி அளவு. அதே 7 அடி ஐந்து துண்டானால் சுமார் 45. துணி உறையில் சுற்றினால் தாராளமாக உள்ளே படுக்கும். சில மாடல்களில் கைப்பிடித் துண்டு மட்டும் நீண்டிருக்கும். அளக்க வேண்டியது அதைத்தான்.

டெலஸ்கோப் கம்பின் வினை மணலும் உப்பும். சிங்கப்பூர் பிடோக் ஜெட்டியில் தூண்டில் போட்டுவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் மூடினால், உப்பு காய்ந்து துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிவிடும். இடுக்கியால் திருகினால் மெல்லிய கார்பன் சுவர் நொறுங்கும். நீட்டியபடியே சிக்கிக்கொண்டால் கம்பை நிமிர்த்திப் பிடித்து, துணி விரித்த தரையில் அடியை மெல்லத் தட்டுங்கள். பாத்தாம் தீவில் பிள்ளைகள் சின்ன மீன் பிடிக்க இது போதும். 20 கிராம் ஜிக்கை (உலோகப் பொய்யிரை) நாள் முழுக்க வீச இது தாங்காது.

ஐந்து துண்டுக் கம்பை வாங்குமுன் கடையிலேயே முழுதாக மாட்டிப் பாருங்கள். முனையிலிருந்து தொடங்கி, வளையங்களைக் கொஞ்சம் விலக்கிச் செருகி, பிறகு நேர்கோட்டுக்குத் திருப்ப வேண்டும். ஆட்டினால் ‘டக்’ என்ற சத்தம் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உட்கட்டை (ஒரு துண்டிலிருந்து நீண்டு அடுத்ததற்குள் நுழையும் குச்சி) வைத்த இணைப்பில் சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிவது குறையல்ல. தேயத் தேய இறங்குவதற்காக விட்ட இடம் அது.

இணைப்பு நான்கு இருப்பதுதான் இதன் தொல்லை. வீச வீசத் தளரும். தளர்ந்தது தெரியாமல் ஓங்கி வீசினால் வெளித்துண்டின் வாய் பிளந்துவிடும். அரைமணிக்கொரு முறை தடவிப் பார்ப்பது நல்லது. செருகும் பகுதியில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்தால் பிடிப்பும் நிற்கும், கழற்றவும் சுலபம்; எண்ணெய் கூடவே கூடாது. இறுகிப்போனால் கம்பை முழங்காலுக்குப் பின்னால் பிடித்து, இணைப்புக்கு இருபுறமும் கைவைத்து, முழங்கால்களை விரித்துக் கைகளைத் தள்ளுங்கள். வளையத்தைப் பிடித்துத் திருகாதீர்கள்.

ஒரே கம்புதான் என்றால் 7 முதல் 28 கிராம் வரை இரை வீசக்கூடியது, 3000 எண் ரீல், 1.2 பிஇ தடிமனில் பின்னல் நரம்பு 150 மீட்டர். அதன் நுனியில் கட்ட 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் நரம்பு. கொடுவா மீன் கடிக்கும் இடமென்றால் லீடரை 30 பவுண்டாக்குங்கள், அதன் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும். ரீலின் கைப்பிடியைக் கழற்றி, டிராக்கை (நரம்பு ஓடும் இறுக்கம்) தளர்த்தி, காலுறைக்குள் போட்டுவிடலாம்.

முள், இடுக்கி, கத்தி மூன்றும் செக்-இன் பெட்டிக்கு. கம்பைக் கைப்பையில் விடுவதா என்பது சோதனை அதிகாரியின் முடிவு. குழப்பம் வேண்டாமென்றால் அதையும் செக்-இன்னில் போடுங்கள். ரப்பர் பொய்யிரைகளை வாங்கிய பையிலேயே வையுங்கள். கடின பிளாஸ்டிக் பொய்யிரையோடு ஒரே டப்பாவில் கிடந்தால், நம்மூர் வெக்கையில் இரண்டும் உருகி ஒட்டிப் பிசினாகிவிடும்.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போவதென்றால், பயன்படுத்திய தூண்டிலைப் பாசி, மண், செதில் இல்லாமல் கழுவிக் காயவைத்து, இறங்கியதும் அறிவித்துவிடுங்கள். இறால் இரையை இங்கிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டாம். அங்கேயே கிடைக்கும்.