பிளாக் செயில்ஸ்: கொள்ளைக் கப்பலின் உழைப்பைக் காட்டிய தொடர்

கடற்கொள்ளையர் படம் ஒன்றில் வரலாறு எந்த அளவுக்கு இருக்கிறது என்று அறிய, நான் தொப்பியையும் வாளையும் பார்ப்பதில்லை. அந்தக் கப்பலில் யார், என்ன வேலை செய்கிறார்கள் என்பதையே பார்க்கிறேன். பெரும்பாலான படங்களில் கப்பல் தானாகவே ஓடுகிறது. பாயை ஏற்றுபவர் இல்லை, இறக்குபவர் இல்லை, அடித்தட்டில் தேங்கும் நீரை இறைப்பவர் இல்லை. தலைவன் அணியத்தில் நின்று தொலைநோக்கியில் பார்க்கிறான், அடுத்த காட்சியில் தீவு வந்துவிடுகிறது. 2014 முதல் 2017 வரை அமெரிக்காவின் ஸ்டார்ஸ் தொலைக்காட்சியில் நான்கு பருவங்களாக, 38 பகுதிகளாக ஒளிபரப்பான 'பிளாக் செயில்ஸ்' இந்தக் குறையைப் பெருமளவு தவிர்த்திருக்கிறது. தேதிகளிலும் மனிதர்களின் முடிவுகளிலும் அது வரலாற்றிலிருந்து வெகுதூரம் விலகிப் போகிறது என்றாலும், உழைப்பு, கூலி, பசி, பங்கீடு ஆகியவற்றைப் பொறுத்தவரை நான் பார்த்த கொள்ளையர் படங்கள் அனைத்தையும்விட உண்மைக்கு நெருக்கமாக நிற்கிறது. கதையின் முக்கியத் திருப்பங்கள் சில கீழே வருவதால், இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் அதை மனத்தில் கொண்டு படிக்க வேண்டும்.

கதை 1715-இல், பஹாமா தீவுக்கூட்டத்தின் நியூ பிராவிடன்ஸ் தீவிலுள்ள நாசோ துறைமுகத்தில் தொடங்குகிறது. ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவலில் பெயரளவில் வரும் கேப்டன் ஃபிளின்ட்டையும், அந்நாவலின் ஜான் சில்வரையும் இளமைக் காலத்தில் கற்பனை செய்து, சார்ல்ஸ் வேன், ஜாக் ராக்கம், ஆன் பானி, பெஞ்சமின் ஹார்னிகோல்ட், 'கருந்தாடி' எனப்படும் எட்வர்ட் டீச் போன்ற உண்மை மனிதர்களோடு ஒரே கரையில் உலவவிட்டிருக்கிறார்கள். கற்பனைப் பாத்திரமும் வரலாற்றுப் பாத்திரமும் இப்படிக் கலக்கும்போது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்வையாளருக்குத் தெரியாமல் போகும் ஆபத்து உண்டு. இத்தொடரிலும் அது நேர்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரியான முடிவு. 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கையோடு ஸ்பானிய வாரிசுரிமைப் போர் முடிவுக்கு வந்தது. சுமார் 50,000 பேர் கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படை இரண்டே ஆண்டுகளில் 13,500 பேர் அளவுக்குச் சுருங்கியது. வேலையிழந்த மாலுமிகள் வணிகக் கப்பல்களை நாடிக் குவிந்ததால், போர்க்காலத்தில் மாதம் 50 ஷில்லிங்கை நெருங்கியிருந்த கூலி ஏறக்குறைய பாதியாக வீழ்ந்தது. கெட்டுப்போன உணவு, தலைவனின் சவுக்கு, பயண முடிவில் பிடித்தம் போகக் கையில் வரும் சொற்பத் தொகை ஆகியவற்றைச் சகித்தவர்களே கொள்ளைக் கப்பலில் ஏறினார்கள். வணிகக் கப்பலொன்றை ஃபிளின்ட்டின் 'வால்ரஸ்' துரத்திப் பிடிப்பதோடு முதல் பகுதி தொடங்குகிறது. பிடிபட்ட கப்பலின் மாலுமிகளுக்கும் பிடித்தவர்களுக்கும் இடையே தோற்றத்திலோ பேச்சிலோ பெரிய வேறுபாடு எதையும் காட்டாமல் விட்டதில் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

தொடரின் மிகச் சிறந்த பகுதி எதுவென்று என்னைக் கேட்டால், எந்தப் போர்க் காட்சியையும் சொல்ல மாட்டேன். முதல் பருவத்தில் 'வால்ரஸ்' கப்பலைக் கரையில் சாய்த்துச் சுத்தம் செய்யும் காட்சியைத்தான் சொல்வேன். வெப்பமண்டலக் கடலில் சில மாதங்கள் ஓடிய மரக்கப்பலின் அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் படர்ந்து வேகத்தைத் தின்றுவிடும். கப்பல்புழு பலகையைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். வேகம் ஒன்றையே பிழைப்பாகக் கொண்ட கொள்ளையருக்கு இது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. உலர்துறை வசதியுள்ள துறைமுகம் எதற்குள்ளும் அவர்கள் நுழைய முடியாது. ஆகவே ஒதுக்குப்புறமான மணற்கரையில் கப்பலை ஏற்றி, பீரங்கிகளையும் சரக்கையும் இறக்கி, பாய்மரங்களில் கயிறும் கப்பியும் கட்டி ஒரு பக்கமாகச் சாய்த்து, படிந்ததைச் சுரண்டியும் தீயால் பொசுக்கியும் எடுத்து, இற்றுப்போன பலகையை மாற்றி, இடுக்குகளில் நாரைத் திணித்துத் தார் பூசி, அதன்மேல் கொழுப்பும் கந்தகமும் கலந்த பூச்சைத் தடவ வேண்டும். பிறகு மறுபக்கம். அந்த நாட்களில் எதிரி வந்துவிட்டால் தப்பிக்க வழியே இல்லை. தொடரில் கயிறு அறுந்து கப்பல் புரள்கிறது. ஒருவன் இறக்கிறான், இன்னொருவனுடைய கால் அடியில் சிக்கி, அதை வெட்டியெடுக்க வேண்டியதாகிறது. கொள்ளையர் வாழ்வில் வாள்முனையைவிட வேலை விபத்துக்கு அதிக இடம் உண்டு என்பதை இவ்வளவு தெளிவாக எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை. அந்தக் காலில்லாத மனிதன் அதன்பின் சமையலறை வேலைக்கு மாற்றப்படுவதும் பொருத்தமானதே. உடல் ஊனமுற்ற மாலுமிக்குச் சமையல் வேலை தருவது அக்காலக் கடற்படையிலேயே வழக்கமாக இருந்தது.

கப்பலின் அரசியலையும் அதே கவனத்தோடு கையாண்டிருக்கிறார்கள். கொள்ளைக் கப்பலின் தலைவன் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்படுபவன். துரத்தலிலும் சண்டையிலும் மட்டுமே அவன் சொல்லுக்கு மறுப்பில்லை. மற்ற நேரங்களில் உணவுப் பங்கீடு, சச்சரவு, தண்டனை எல்லாம் குவார்ட்டர்மாஸ்டர் என்ற, மாலுமிகளின் சார்பாளரான அதிகாரி கையில் இருந்தன. பார்த்தலமியூ ராபர்ட்ஸின் கப்பல் விதிகள் 1724-இல் அச்சான கொள்ளையர் வரலாற்று நூல் வழியாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றின்படி தலைவனுக்கும் குவார்ட்டர்மாஸ்டருக்கும் இரண்டிரண்டு பங்கு, பீரங்கித் தலைவன் போன்றோருக்கு ஒன்றரைப் பங்கு. பணியில் கை அல்லது கால் இழந்தவருக்குப் பொது நிதியிலிருந்து 800 ஸ்பானிய வெள்ளி நாணயங்கள். இரவு எட்டு மணிக்குமேல் விளக்கு எரியக் கூடாது. ஃபிளின்ட் தன் பதவியைக் காப்பாற்றிக்கொள்ள முதல் பகுதியிலேயே வாக்குகளை எண்ணிக்கொண்டு அலைவது, சில்வர் படிப்படியாகக் குவார்ட்டர்மாஸ்டராக உயர்ந்து தலைவனுக்கு நிகரான அதிகாரம் பெறுவது ஆகியவை இந்த அமைப்பிலிருந்தே கதையாக விளைந்தவை.

கொள்ளைப் பொருள் எப்படிக் காசாகிறது என்ற கேள்வியை எழுப்பிய முதல் கொள்ளையர் தொடராகவும் இதைக் கருதலாம். பிடிபட்ட கப்பல்களில் தங்கம் இருப்பது அரிது. சர்க்கரை, கோக்கோ, அவுரி, துணி, மாவு, கயிறு, மருந்து, இவற்றோடு அடிமையாக்கப்பட்ட மனிதர்கள் என்பதே வழக்கமான கொள்ளை. அதை வாங்கி வேறு துறைமுகத்தில் விற்க ஒரு வணிகர் வேண்டும். நாசோவுக்கு அருகிலிருந்த ஹார்பர் தீவின் வணிகர்கள் உண்மையில் இதைச் செய்தார்கள். தொடரில் எலினோர் கத்ரி என்ற கற்பனைப் பாத்திரம் அந்த இடத்தை நிரப்புகிறது. அவளுடைய கணக்குப் புத்தகம் நாசோவில் யாருடைய பீரங்கியையும்விட வலிமையானதாக இருப்பது சரியான வரலாற்றுப் பார்வை. 1718 மே மாதம் எட்வர்ட் டீச் சார்ல்ஸ் டவுன் (இன்றைய அமெரிக்காவின் சார்ல்ஸ்டன்) துறைமுகத்தை அடைத்துப் பிணையாளிகளுக்கு ஈடாகக் கேட்டது ஒரு மருந்துப் பெட்டி என்பதை நினைத்தால், அந்த உலகில் எதற்கு விலை இருந்தது என்பது விளங்கும்.

கடலோட்டத்துக்கு வரும்போது என் பாராட்டு குறைகிறது. நாசோ துறைமுகம் பெரிய போர்க்கப்பல்கள் நுழைய முடியாத அளவுக்கு ஆழம் குறைந்தது. கொள்ளையர் அதைத் தேர்ந்ததற்கு அதுவே முதன்மைக் காரணம். அவர்கள் பெரிதும் விரும்பியதும் ஒற்றைப் பாய்மரமுள்ள ஸ்லூப் வகைக் கலம்: ஆழமற்ற நீரில் ஓடும், காற்று வரும் திசைக்கு நெருக்கமாகத் திரும்பி ஓடும், சாய்த்துச் சுத்தம் செய்யவும் எளிது. தொடரோ திரையில் கம்பீரமாகத் தெரியும் பெரிய கப்பல்களையே நாடுகிறது. இரண்டாம் பருவத்தில் ஃபிளின்ட் கைப்பற்றும் ஸ்பானியப் போர்க்கப்பலை ஓட்டுவதற்கே நூற்றுக்கணக்கான ஆட்கள் வேண்டும். தூரமும் அவ்வாறே சுருங்கிவிடுகிறது. நாசோவிலிருந்து சார்ல்ஸ் டவுன் ஏறக்குறைய 480 கடல்மைல். மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்தில் இடைவிடாமல் ஓடினாலும் நான்கு நாட்களாகும், காற்று எதிர்த்தால் அதற்கும் மேல். தொடரில் செய்தியும் மனிதர்களும் கரீபியன் கடலை நகரின் தெருக்களைப்போல் கடந்துவிடுகிறார்கள். கப்பல் செலுத்துவதிலுள்ள நிச்சயமின்மையும் போதிய அளவு இடம்பெறவில்லை. 1715-இல் சூரியன் அல்லது விண்மீனின் உயரத்தை அளந்து அட்சரேகையை அறிய முடியும். தீர்க்கரேகையைக் கடலில் துல்லியமாகக் கணிக்க வழி இல்லை. அதற்குப் பரிசு அறிவித்த பிரிட்டிஷ் சட்டமே 1714-இல்தான் வந்தது. கயிற்றை நீரில் விட்டு வேகத்தை அளந்து, மணற்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி நேரத்தைக் கணக்கிட்டு, போன தூரத்தை ஊகித்தே ஓட்டினார்கள். இந்த ஊகம் தவறினால் பவளப்பாறைதான். இவ்வளவு நாடகம் நிறைந்த விஷயத்தை 38 பகுதிகள் கொண்ட தொடர் இன்னும் நிறையப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் வருத்தம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு மூன்றாம் பருவத்தின் தொடக்கம். புயலிலிருந்து மீண்ட கப்பல் காற்றே இல்லாத கடலில் அசையாமல் நிற்கிறது. குடிநீரும் உணவும் அளந்து கொடுக்கப்படுகின்றன. யாருக்கு எவ்வளவு என்பதே அதிகாரப் போராட்டமாகிறது. பாய்மரக் காலத்தின் மிகக் கொடிய எதிரி அசைவற்ற காற்று என்பதை உணர்த்தும் அந்தப் பகுதியைத் தொடரில் ஆர்வம் இல்லாதவர்களும் தனியாகவேனும் பார்க்கலாம்.

ஊர்கா டி லிமா என்ற ஸ்பானியக் கப்பலின் பொன்னைச் சுற்றியே முதல் இரண்டு பருவங்களும் சுழல்கின்றன. அந்தப் பெயரில் கப்பல் உண்மையிலேயே இருந்தது. 1715 ஜூலை இறுதியில் ஹவானாவிலிருந்து புறப்பட்ட ஸ்பானியக் கப்பல் தொகுதி புளோரிடாக் கரையோரம் சூறாவளியில் சிக்கிச் சிதறியபோது அதுவும் கரைதட்டியது. ஆனால் அதில் அரசின் பொற்குவியல் இல்லை. தோல், வனிலா, சாக்லேட், சாம்பிராணி வகைகள் போன்ற தனியார் சரக்கே பெரும்பகுதி. அதிலிருந்த உணவுப் பொருள்கள் கரையேறி உயிர்பிழைத்தவர்களின் பசியைத் தீர்த்தன. பேரழிவில் பலநூறு மாலுமிகள் மாண்டது தொடரில் ஒரு பின்னணிச் செய்தியாகக்கூட நிற்காமல், ஒரே கப்பலின் தங்கக் கதையாக மாறிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

மனிதர்களின் முடிவுகளிலும் இதே சுதந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சார்ல்ஸ் வேன் நாசோவில் மக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டு எழுச்சிக்கு வித்திடுகிறான். உண்மையான வேன் 1721 மார்ச்சில் ஜமைக்காவின் போர்ட் ராயலில் தூக்கிலிடப்பட்டான். டீச்சைக் கப்பலின் அடியில் கயிற்றால் இழுத்துக் கொல்லும் காட்சி பார்க்கவே முடியாத கொடுமையாகப் படமாக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் அவன் 1718 நவம்பர் 22 அன்று வட கரோலினாவின் ஒக்ரகோக் தீவருகே பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட் மேனார்டின் ஆட்களோடு நேருக்கு நேர் சண்டையிட்டு மடிந்தான். இவற்றை நாடகத் தேவை என்று விட்டுவிடலாம். வூட்ஸ் ரோஜர்ஸுக்குச் செய்தது அப்படி விடக்கூடியது அன்று. கொள்ளையருக்கான அரச மன்னிப்புச் சாசனத்தோடு 1718-இல் நாசோவுக்கு வந்த ஆளுநர் அவர். முகத்தில் பழைய போர்க்காயத்தின் வடு, தீராத கடன், பின்னாளில் கடனாளிச் சிறை ஆகிய அனைத்தையும் தொடர் சரியாகப் பிடித்திருக்கிறது. ஆனால் ஸ்பானியரை அழைத்துவந்து நாசோவைச் சூறையாட விடுபவராகவும் அவரைக் காட்டுகிறது. 1720 பிப்ரவரியில் ஸ்பானியர் நாசோவைத் தாக்கியபோது, போதிய படையும் பணமும் இல்லாத நிலையில் அதைத் தடுத்து நிறுத்தியவர் அதே ரோஜர்ஸ். ஒருவருடைய வாழ்வின் முக்கியமான செயலை நேர்மாறாக்குவது, கற்பனைக்கு உரிய எல்லையைத் தாண்டியதாகவே எனக்குப் படுகிறது.

அடிமை முறையை மூன்றாம் பருவம் முதல் கதையின் நடுவே கொண்டுவந்தது துணிச்சலான செயல். தப்பியோடிய அடிமைகளின் குடியிருப்பும் கொள்ளையரும் கைகோர்க்கும் பெரும் கிளர்ச்சி நடந்ததற்குச் சான்று இல்லை என்றாலும், ஜமைக்காவின் மலைகளில் அத்தகைய மக்கள் பிரிட்டிஷாரோடு நீண்ட போர் நடத்தி 1739-இல் உடன்படிக்கை பெற்றது உண்மை. அதே சமயம், பல கொள்ளையர்கள் தாங்கள் பிடித்த அடிமைகளைச் சரக்காகவே விற்றார்கள் என்பதைத் தொடர் இன்னும் நேராகச் சொல்லியிருக்கலாம். டீச்சின் புகழ்பெற்ற கப்பலே பிரெஞ்சு அடிமைக் கப்பலாக இருந்து கைப்பற்றப்பட்டதுதான்.

பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முதல் பருவத்தில் பாலியல் காட்சிகளும் வன்முறையும் மிகுதி. சிறுவர்களோடு பார்ப்பதற்கு உரியது அன்று. முதல் மூன்று பகுதிகள் மெதுவாக நகர்ந்தாலும் நான்காம் பகுதியிலுள்ள கப்பல் சாய்ப்புக் காட்சி வரை பொறுத்திருக்க வேண்டும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் தொடரைக் கைவிடலாம். எழுத்தும் நடிப்பும் இரண்டாம் பருவத்தில் உச்சத்தைத் தொடுகின்றன; ஃபிளின்ட்டாக நடித்த டோபி ஸ்டீபன்ஸ் அதற்கு முதற்காரணம். ராக்கம் தன் கொடியை விரிக்கும் இறுதிக் காட்சியில் வரும் மண்டையோடும் குறுக்கு வாள்களும் அவனுடைய காலத்து ஆவணம் எதிலும் இல்லாதவை என்பதை மட்டும் அறிந்து பார்ப்பது நல்லது.